குப்பை உலையில் சூடு எப்படி நிற்கிறது? பகாவ் வட்டாரத்திலிருந்து கேள்வி பதில்

பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. குப்பை எரிக்கும் உலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, எல்லாரும் 850 டிகிரி என்கிறார்களே, அது என்ன கணக்கு?

அது புகையின் சூடு. கடைசியாகக் காற்று ஊதும் இடத்தைத் தாண்டியபின், புகை 850 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 விநாடி இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அபாயக் கழிவில் குளோரின் சேர்மங்கள் 1 விழுக்காட்டைத் தாண்டினால் 1,100 டிகிரி வேண்டும். சூடு, நேரம், காற்றோடு நன்றாகக் கலப்பது, மூன்றும் கூடினால்தான் டையாக்சின் போன்ற நச்சு உடையும்.

எண்ணெய் மில்லில் பாய்லர் பார்க்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

தம்பி, உங்களுக்கு வருவது செம்பனை நாரும் ஓடும். இன்று வந்ததுதான் நாளைக்கும். உங்கள் கண் நீராவி அழுத்தத்தின்மேல் இருக்கும். எங்களுக்கு ஒரு பிடியில் அட்டைப்பெட்டி, அடுத்த பிடியில் பாசார் மீன் கழிவு.

மழைக்காலத்திலும் டுரியான் சீசனிலும் என்ன செய்வீர்கள்?

நல்ல கேள்வி. லோரி கொட்டும்போதே தெரிந்துவிடும். பை கிழிந்து கறுப்புத் தண்ணீர் ஓடும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 2,260 கிலோஜூல் போய்விடும். அதனால் குழியில் சில நாள் போட்டு வடியவிடுவோம். கிரேன்காரர் ஒரு பிடி அள்ளி உயரே தூக்கி, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து உதறுவார். ஈரமும் காய்ந்ததும் அப்போதுதான் கலக்கும். என்னைக் கேட்டால், உலைச் சூட்டில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது. பேனல் முன்னால் உட்கார்ந்தவருக்கு மிச்சம்.

கலக்காத குப்பை உள்ளே போனால் திரையில் 910, 890, 870 என்று இறங்கும். புதிதாக வந்தவர்கள் பதறிப்போய்க் காற்றைத் திறப்பார்கள். குளிர்ந்த காற்று போனால் சூடு இன்னும் விழும். முதலில் குப்பை தள்ளுவதைக் குறைத்து, குப்பை எரியும் தட்டுக்கு அடியில் போகும் காற்றைச் சூடாக்கித் தரவேண்டும். அப்படியும் 850-ஐத் தொட்டால் டீசல் பர்னர் பற்றிக்கொள்ளும்; அதற்கும் கீழே போனால் புதுக் குப்பை போகாதபடி கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். பர்னர் ஓடினால் மேனேஜர் முகம் சுருங்கும், டீசல் காசு அப்படி. அந்த முகத்துக்குப் பயந்து பர்னரை அணைக்கிறவர் உலை பக்கமே வரக்கூடாது.

சூடு கூடினால் நல்லதுதானே?

இல்லை. சாம்பல் உருகிச் சுவரில் கட்டிகட்டியாக ஒட்டும், தீச்செங்கல் கெடும், நைட்ரஜன் ஆக்சைடும் கூடும்.

மீட்டரை நம்பலாமா?

ஒற்றை மீட்டரை நம்பாதீர்கள். சூடு அளக்கும் கருவியான தெர்மோகப்பிளின் உறைமேல் சாம்பல் அப்பிவிட்டால், சூடு மாறியது தாமதமாகத்தான் தெரியும். கார்பன் மோனாக்சைடு அளவையும் சேர்த்துப் பாருங்கள். மீட்டர் 900 காட்டும்போதே கார்பன் மோனாக்சைடு திடீர் திடீரென ஏறினால், உள்ளே எங்கோ அரைகுறையாக எரிகிறது.

வீட்டுக்குப் பின்னால் டிரம்மில் பெம்பர்ஸும் பிளாஸ்டிக்கும் எரிக்கிறோம். அதுவும் நெருப்புதானே?

நெருப்புதான் அக்கா. ஆனால் கறுப்பாக வருகிறதே, அந்தப் புகை எரியாமல் தப்பியது. அதில் வயர் உறை, பிவிசி குழாய் விழுந்தால் குளோரினும் சேரும். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றமும்கூட. லோரி வரும் நாளுக்கு எடுத்து வையுங்கள்.

புகையைச் சட்டென்று குளிரவைப்பது ஏன்?

உடைந்த டையாக்சின் 450 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில், பறக்கும் சாம்பலில் மறுபடியும் உருவாகும். அந்தத் தூரத்தை வேகமாகக் கடக்கவேண்டும். பிறகு மிச்ச நச்சை உறிஞ்சக் கரித்தூள், தூசியைப் பிடிக்கப் பை வடிகட்டி.

புரோகாவில் குப்பை உலையை எதிர்த்தார்களே, நம் ஊருக்கு உலை வந்தால்?

அது நாளுக்கு 1,500 டன் எரிக்கப் போட்ட திட்டம், 2007-இல் கைவிட்டார்கள். பயந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இங்கே வந்தால் கூட்டத்துக்குப் போய் நான்கு கேள்வி கேளுங்கள்: நம் குப்பையில் ஈரம் எவ்வளவு? வடிய எத்தனை நாள் விடுவீர்கள்? 850-க்குக் கீழே போனால் கதவு தானாகப் பூட்டுமா? சூட்டுப் பதிவை ஊர்க்காரர்கள் பார்க்கலாமா?