வரையத் தெரியாதவர்கள் சேர்ந்து மனநலம் பற்றி அனிமேஷன் படம் எடுக்க முடியுமா?

கேட்டவர் பினாங்கு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து எடுக்க நினைக்கிறார். தாராளமாக முடியும். ஆனால் படத்தில் தொடங்காதீர்கள், குரலில் தொடங்குங்கள்.

நம்மவர்களுக்கு "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற பயம் பெரிது. கேமரா முன்னால் வாயே திறக்காத அக்கா, முகம் வராது என்றால் பேசுவார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சேலை தொங்கும் அலமாரிப் பக்கம் உட்கார வைத்துக் கைப்பேசியில் பதியுங்கள். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். பதியும் முன் ஒருமுறை, வெட்டி ஒட்டியதைக் கேட்க வைத்து இன்னொருமுறை சம்மதம் வாங்குங்கள். பெயர், புளோக் எண்ணெல்லாம் வேண்டாம். குரலை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று தயங்கினால் வேறொருவர் பேசட்டும்.

அப்புறம் படம். நொடிக்கு 12 படம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு 1,440. எல்லாவற்றையும் வரைய யாருக்குப் பொறுமை? காகிதத்தில் வெட்டிய உருவங்களையோ கோலமாவையோ கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அசையாமல் கட்டிய கைப்பேசியில் எடுக்கலாம். பிள்ளைகள் இதில் கில்லாடிகள்.

தற்கொலை பற்றிப் பேச்சு வந்தால், எப்படிச் செய்துகொண்டார்கள் என்பதைக் காட்டவே கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது. போலீஸுக்குப் பயந்து உதவி கேட்காத பெரியவர்களுக்காக அதையும் ஒரு வரி சொல்லுங்கள். கடைசியில் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555, பெரிய எழுத்தில்.