தை முதல் ஆனி வரை மட்டும் ஊதினால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஊர் காரிமங்கலம் பக்கம். கிளாரினெட் வாசிக்கிறேன். வாரம் மூன்று நாள் மொரப்பூரில் ரயில் ஏறிப் போய் ஒரு பல்கலைக்கழக இசைத்துறையில் ஒப்பந்த ஆசிரியராகச் சொல்லிக்கொடுக்கிறேன். மாதம் 28,000 ரூபாய், வருடத்தில் பத்து மாதம். அதில் 10% வரி பிடித்துக்கொள்கிறார்கள். கல்யாணம், கோயில் கச்சேரிகளில் கூட வாசிக்கும் செட்டுக்குக் கொடுத்ததுபோக வருடம் சுமார் 3 லட்சம் நிற்கிறது. முகூர்த்த நாட்களில் வகுப்பு இருப்பதால் பல கச்சேரிகள் கைநழுவுகின்றன. வேலையை விட்டுவிடலாமா? 2 லட்சத்துக்குப் புது கிளாரினெட் வாங்கப் பெர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: விட வேண்டாம். கச்சேரி வருமானம் உங்கள் மூச்சையும் முன்பல்லையும் நம்பி இருக்கிறது. கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் 2008-ல் சங்கீத கலாநிதி விருது வாங்கியபோது எழுபதைத் தாண்டியிருந்தார், 2022-ல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் அவரைக் கணக்கில் வைத்து நாம் திட்டம் போட முடியாது. ஒரு முன்பல் ஆடினாலே ரீடைக் கவ்வும் பிடி போய்விடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பல் போனாலும் பாடம் சொல்லலாம். பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிற வித்வான் என்ற பேச்சுக்குக் கல்யாண வீடுகளில் ஒரு மதிப்பும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

முகூர்த்தச் சிக்கலுக்கு வேறு வழி உண்டு. பஞ்சாங்கம் கையில் இருக்கிறதே. துறையில் கால அட்டவணை போடும் முன்பே தை முதல் ஆனி வரையுள்ள பெரிய முகூர்த்தத் தேதிகளை எழுதிக் கொடுத்து, அந்த வகுப்புகளை ஆடி, புரட்டாசியில் ஈடுகட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். எல்லாத் தேதிக்கும் சம்மதிக்க மாட்டார்கள். பாதிக்குச் சம்மதித்தாலே லாபம்தான்.

உங்கள் உண்மையான பிரச்சினை வருமானம் குறைவு என்பதல்ல, அது வரும் விதம். வைகாசியில் பை நிறைகிறது, மார்கழியில் கடன் கேட்கிறோம். கச்சேரிப் பணத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அட்வான்ஸ் முதல் மீதிப் பணம் வரை எல்லாம் அதில் விழட்டும். அங்கிருந்து மாதம் 18,000 மட்டும் உங்களுக்கு நீங்களே சம்பளமாக எடுங்கள், தையானாலும் மார்கழியானாலும் அதே தொகை. வருடத்துக்கு 2,16,000 போக 84,000 தங்கும்.

அடுத்தது, நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த 10%. மாதம் 2,800, வருடம் 28,000. இது போன பணம் அல்ல. உங்கள் மொத்த வருமானம் 6 லட்சத்துக்குள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே கிடையாது. கெடுவுக்குள் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முழுத் தொகையும் திரும்ப வரும். கெடு தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் முதலில் பாருங்கள்.

இப்போது கிளாரினெட். 2 லட்சத்தை 14% வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 6,835, வட்டி மட்டும் 46,000. கச்சேரியே இல்லாத மாதத்திலும் தவணை நிற்காது. பழைய கருவியில் காற்றுக் கசிவு இருந்தால் துளைகளை மூடும் பேட்களையும் மூட்டுகளில் உள்ள கார்க்கையும் மாற்றிக்கொண்டு இரண்டு முகூர்த்தப் பருவம் ஓட்டுங்கள். 84,000-உம் 28,000-உம் சேர்ந்தால் வருடம் 1,12,000. இரண்டாவது ஆனி முடிவதற்குள் ரொக்கமாக வாங்கிவிடலாம். பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு நடுவே ஒரு வித்வான் போனில் தவணைக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம்.

இப்படிப்பட்ட ஒப்பந்த வேலையில் பெரும்பாலும் பி.எஃப். இருக்காது, பென்ஷனும் இருக்காது. தபால் நிலையத்தில் 500 ரூபாய் போட்டு இப்போதே பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். 15 வருடக் கணக்கு தொடங்கிய ஆண்டிலிருந்துதான் ஓடும். கிளாரினெட் வாங்கிய பிறகு, வருடம் 60,000 ரூபாயை ஏப்ரல் 5-க்குள் மொத்தமாகக் கட்டுங்கள். தை, மாசி முகூர்த்தப் பணம் கையில் இருக்கும் நேரம் அது. இன்றைய 7.1% வட்டியே நீடித்தால், 13 வருடக் கட்டணத்தில் உங்கள் 58 வயதில் சுமார் 13 லட்சம் இருக்கும். இயல் இசை நாடக மன்றம் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு அரசு மாதம் தரும் 3,000 ரூபாயை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் வலது கட்டை விரல். கருவியின் முழு எடையும் அதன்மேல்தான். தழும்பு ஏறிக் காய்த்திருக்குமே, பாருங்கள். வங்கியில் 20 ரூபாய்க்குப் போடும் விபத்துக் காப்பீடு ஒரு கையோ காலோ கண்ணோ போனால் 1 லட்சம் தரும். விரல் போனால் எதுவும் தராது. அதை வைத்துக்கொள்ளுங்கள், கூடவே தனியாகத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றும் எடுங்கள். ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நிரந்தரப் பகுதி ஊனப் பட்டியலில் கட்டை விரலுக்கு எத்தனை சதவீதம்? பாலிசியில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.