ஓடும் காரின் மேல் என்னென்ன விசைகள்? – கேள்வி பதில்

காரை முன்னால் தள்ளுவது இன்ஜின்தானே சார்? பாடத்தில் உராய்வு என்று போட்டிருக்கிறதே? (பதினோராம் வகுப்பு மாணவி)

பாடம் சொல்வது சரிதான் அம்மா. இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுழலும் டயர் சாலையைப் பின்னால் தள்ள, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சாலை டயரை முன்னால் தள்ளுகிறது. சேற்றில் மாட்டிய காரின் இன்ஜின் நன்றாகவே உறுமும், சக்கரமும் சுற்றும். உராய்வு போதாததால் கார் நகராது.

ஒரே வேகத்தில் போகும் காரில் நிகர விசை (எல்லா விசைகளும் சேர்ந்த மொத்தம்) சுழி என்றால், பெட்ரோல் எதற்கு?

தடைகளை ஈடுகட்ட. 100 கி.மீ. வேகத்தில் ஒரு சாதாரணக் காரைக் காற்று மட்டும் ஏறக்குறைய 300 நியூட்டன் விசையோடு எதிர்க்கும். வேகம் 80-லிருந்து 110 ஆனால் காற்றுத் தடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். மைலேஜ் சரிவதற்கு அதுதான் பெரிய காரணம்.

வளைவில் நம்மை வெளியே தள்ளுவது எது?

எதுவும் தள்ளவில்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, கார் திரும்பிவிடுகிறது. காருக்குள்ளிருந்தே கணக்குப் போடுபவர்கள் மையவிலக்கு விசை என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள், அதுவும் தவறில்லை.

வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது என்று கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். ஏன்?

அதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அதே டயர் உராய்வுதான், அதற்கு ஓர் எல்லை உண்டு. 15 மீட்டர் ஆரமுள்ள சமதளக் கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு (டயருக்குச் சாலையில் எவ்வளவு பிடிமானம் என்று காட்டும் எண்) 0.7 என்றால், மணிக்குச் சுமார் 36 கி.மீ. வரைதான் கார் வழுக்காமல் திரும்பும். மழையில் கெழு 0.4-க்கு இறங்கினால் 27 கி.மீ. அந்த எல்லையில் திரும்பும்போது பிரேக்கையும் அழுத்தினால், திரும்புவதற்கு வேண்டிய பிடிமானம் போய்விடும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது.

வண்டி நிறைய ஆள் ஏற்றினால் நிற்கும் தூரம் கூடுமா?

எளிய கணக்கில் கூடாது. எடை ஏற ஏற உராய்வும் அதே அளவு ஏறுவதால் நிறை அடிபட்டுப்போகிறது. 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், அதே கெழுக்களின்படி காய்ந்த சாலையில் 36 மீட்டர், ஈரச் சாலையில் 63 மீட்டர். சுதாரிக்க ஒரு நொடி ஆனால் அதற்கே 22 மீட்டர் தனியாகப் போய்விடும்.

மலையிறக்கத்தில் கதை வேறு. பாரம் கூடினால் பிரேக் வெப்பமாக மாற்றவேண்டிய ஆற்றலும் கூடும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிக்காது. மலை ஏறும்போது போட்ட அதே கியரிலேயே இறங்குங்கள், பாதி வேலையை இன்ஜின் பார்த்துக்கொள்ளும்.