வியட்நாம் பேக்கேஜில் இரவுச் சாப்பாடு வேண்டாம்

கேள்வி: மார்ச்சில் குடும்பத்தோடு எட்டு நாள் வியட்நாம் போகிறோம். ஊருக்கு ஊர் மாறும் சாப்பாட்டைத் தேடிச் சாப்பிடுவதற்காகவே போகிறோம். ஏஜென்ட் ‘தினமும் இரவு இந்திய உணவு’ சேர்த்து பேக்கேஜ் தருகிறார். அம்மா சுத்த சைவம். எடுக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஹோட்டலும் உள்ளூர் வண்டியும் அவரிடமே இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டை மட்டும் எடுத்துவிட்டு, அதற்கான தொகையைக் கழித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ‘எடுத்தாலும் ரேட் அதேதான்’ என்றால் வேறு ஏஜென்டைப் பாருங்கள். நான் ஒருமுறை குழுவோடு போய் மாட்டிக்கொண்டேன். ஹனோயில் சாயங்காலம் ஆறு மணிக்கே பஸ்ஸில் ஏற்றி, அரை மணி நேரம் தள்ளிக் கொண்டுபோய் சப்பாத்தியும் பன்னீர் குருமாவும் போட்டார்கள். பழைய நகரத் தெருக்களில் அடுப்புகள் பற்றிக்கொள்ளும் நேரம் அது. எல்லாவற்றையும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

எட்டு நாளுக்கு ஹனோய், ஹோய் ஆன், சைகோன் மூன்றே போதும். ஹனோயில் ‘ஃபோ’ காலையில் சாப்பிட வேண்டியது. முழங்கால் உயரப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால், ராத்திரி முழுக்கக் கொதித்த மாட்டெலும்புச் சாற்றை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்ந்த அந்த மணம் நம் மூக்குக்கு நன்றாகத் தெரிந்ததுதான். மாடு வேண்டாம் என்றால் ‘ஃபோ கா’ கேளுங்கள், அது கோழி. கரியில் வாட்டிய பன்றிக்கறியோடு வரும் ‘பூன் சா’ நூடுல்ஸ் மதியத்துக்கு. ஹோய் ஆனின் ‘காவ் லாவ்’ நூடுல்ஸைத் தவறவிடாதீர்கள். அந்த ஊர்ப் பழங்கிணற்றுத் தண்ணீரிலும் மரச்சாம்பல் நீரிலும் மாவு பிசைவது வழக்கம் என்பதால், வேறு ஊரில் அந்த மென்மையும் உறுதியும் வராது என்பார்கள். இந்த மூன்று சாப்பாட்டுக்கும் முன்பதிவு தேவையில்லை. ‘ஃபுட் டூர்’ என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி அம்மாவுக்கு. ‘கறி வேண்டாம்’ என்று சொன்னால் கறியை மட்டும்தான் எடுப்பார்கள். கீரைப் பொரியலிலும் ‘நூக் மாம்’ என்கிற மீன் சாறு இருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நமக்கு உப்பு மாதிரி அவர்களுக்கு அது. நீங்கள் சொல்ல வேண்டிய சொல் ‘சாய்’. பௌத்தர்களின் சைவம் அது. பலகையில் அந்தச் சொல் இருக்கும் கடையில் மீன் சாறும் இருக்காது. மரபான கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அம்மா அதையும் விலக்குபவர் என்றால் இதைவிட வசதி ஏது? அவர்களின் சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவார்கள். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த நாள்கள் வரும். அன்று ‘சாய்’ சாப்பாடு இன்னும் சுலபமாகக் கிடைக்கும். சாதாரணக் கடையில் ‘காய்கறி மட்டும் போட்டுத் தருகிறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் அம்மாவுக்கு வாங்கித் தராதீர்கள். பாத்திரமும் சாறும் ஒன்றுதான்.

விசாவுக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை செல்லும். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி புள்ளி விஎன்’ என்று முடியும். தேடினால் முதலில் வருவதெல்லாம் அரசுச் சின்னம் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மடங்கு வசூலிக்கும் இடைத்தரகர்களின் தளங்களாக இருக்கலாம். இன்னொரு தொல்லை, பெயர். இனிஷியலோடு வாழும் நம்மிடம் எல்லாப் படிவங்களும் இன்னமும் ‘குடும்பப் பெயர்’ கேட்டுக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருஷமாகியும் இதை யாரும் சரிசெய்யவில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில், எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பணம் கட்டுவதற்கு முன் குடும்பத்தில் எல்லோர் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டிவரும், கட்டிய பணம் திரும்பாது.