பர்வதமலை ஏறப் போறீங்களா? கேள்விகளும் பதில்களும்

போளூர் பக்கத்துப் பர்வதமலை (4,560 அடி) பற்றிப் பௌர்ணமிக்கு முன்னால் வந்து சேர்ந்த கேள்விகள் இவை.

சத்துவாச்சாரி வாசகர்: வேலூரிலிருந்து எப்படிப் போறது? எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிக்கலாம்?

போளூர் வரை பஸ் இருக்கு. காட்பாடி–விழுப்புரம் லைன்ல ரயிலும் உண்டு. அங்கிருந்து தென்மகாதேவமங்கலம் போகணும். ஊர்ப் பேச்சில் அது 'தென்மாதிமங்கலம்', அப்படியே கேளுங்க. கடலாடி பக்கமும் ஒரு வழி இருக்கு, ஆனா அது காட்டுப் பாதை. முதல் தடவைன்னா தென்மாதிமங்கலம்தான் நல்லது. விடிஞ்சதும் ஏறினா மூணு, நாலு மணி நேரத்துல மல்லிகார்ஜுனர் சந்நிதி. பத்து மணிக்கு மேல மொட்டைப் பாறை கொதிக்கும். அடிவாரத்துல வனத்துறை ஆட்கள் சொல்ற நேரக் கட்டுப்பாட்டை மீறாதீங்க.

குடியாத்தம் வாசகர்: ரெண்டு லிட்டர் தண்ணி போதுமா?

போதாது தம்பி. தலைக்கு நாலு லிட்டர். ஏறும்போதே ரெண்டரையைக் குடிச்சு முடிச்சுட்டு, இறங்கும்போது கால் பிடிச்சுத் தவிக்கிறவங்கதான் அதிகம். பாட்டில்ல பாதிக்குக் கோடு போட்டு வைங்க. உச்சிக்குப் போறவரை அதைத் தாண்டக் கூடாது. வெறும் தண்ணி மட்டும் குடிச்சா வியர்வையில போன உப்பு திரும்பி வராது. ஒரு லிட்டருக்குத் தேக்கரண்டியால தலைதட்டி 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு கலந்துக்குங்க. உப்பைக் கண்ணளவா அள்ளிப் போடாதீங்க, கூடிப்போனா கெடுதல். கடையில வாங்குற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரிச்சுப் பாதியா கலக்கிறதும் தப்பு. உறையில போட்ட அளவு தண்ணியில முழுசா கலக்கணும்.

ஆரணி வாசகர்: கடப்பாறைப் படியை நினைச்சாலே பயமா இருக்கு. எப்படி ஏறுறது?

செங்குத்துப் பாறையில இரும்புக் கம்பிகளை அடிச்சு இறக்கியிருப்பாங்க, பிடிச்சுக்கச் சங்கிலி இருக்கும். ரெண்டு கை, ரெண்டு கால், இந்த நாலில் மூணு எப்பவும் ஊன்றியே இருக்கணும், ஒண்ணுதான் நகரலாம். கம்பியில நுனிவிரலை வைக்காம, உள்ளங்காலின் நடுப்பகுதியை வைங்க. சங்கிலியைத் தொங்கி இழுக்காதீங்க. அது ஊசலாடும், கை சீக்கிரம் ஓஞ்சுபோகும். உடம்பைத் தூக்க வேண்டியது தொடை. கையில செல்போன், பூஜைப் பை, தண்ணிப் பாட்டில் எதுவும் கூடாது, எல்லாம் முதுகுப் பையில. முன்னால போறவர் ஏறி முடிக்கிறவரை அவருக்கு நேர் கீழே நிக்காதீங்க.

விபரீதம் பெரும்பாலும் இறங்கும்போதுதான். கால் நடுங்கும், வீட்டு நினைப்புல அவசரம் வரும். முகம் பாறையைப் பார்த்திருக்க, ஏணியில இறங்குற மாதிரி பின்பக்கமா இறங்குங்க. அடுத்த கம்பி காலுக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் கையை மாத்தணும். கால் நடுங்கினா அங்கேயே நின்னு மூச்சு வாங்குங்க. பின்னால இருக்கிறவர் காத்திருக்கட்டும்.

காட்பாடி வாசகி: அம்மாவுக்கு மூட்டு வலி. கூட்டிப் போகலாமா?

வேண்டாம்மா. ஏறிடுவாங்க, இறங்கத்தான் முட்டி தாங்காது. சோளிங்கர் யோக நரசிம்மரைச் சேவிக்க அழைச்சுப் போங்க. அங்கே 1,305 படி, ஆனா 2024 முதல் ரோப் கார் ஓடுது.

ராணிப்பேட்டை வாசகர்: குரங்குத் தொல்லை?

கையில பாலித்தீன் கவர் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

வேலூர் வாசகர்: பாதி வழியில மழை பிடிச்சா?

தூறல் விழுந்தாலே கடப்பாறைப் படிக்குப் போகாதீங்க. நனைஞ்ச இரும்பும் பாறையும் வழுக்கும். இடி கேட்டா சங்கிலியைத் தொடவே கூடாது, மின்னல் இறங்குற பாதை அது. ஏற்கெனவே தாண்டி மேலே போயிருந்தா, மழை விட்டுப் பாறை காயுறவரை கோயில்லேயே இருங்க. இருட்டிடுச்சுன்னா ராத்திரி அங்கேயே தங்கிட்டு விடிஞ்சு இறங்கலாம். அதுக்காகவாவது பையில ஒரு போர்வையும், நெத்தியில கட்டுற டார்ச்சும் இருக்கட்டும்.