ஆறு மாதமாகப் போயும் சபையில் யாருக்கும் என் பெயர் தெரியவில்லை என்றால்

வீட்டிலேயே ஜெபித்து, ஆராதனையை இணையத்தில் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்ச நாளைக்குப் போதும், நிரந்தரமாகப் போதாது. சபை கூடிவருதலை விடாதீர்கள் என்கிற பைபிள் வசனத்தை (எபிரெயர் 10:25) எல்லோரும் உங்களிடம் நீட்டியிருப்பார்கள். முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள், அன்புக்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் தூண்டிவிடத்தான் கூடிவரச் சொல்கிறது, வருகைப் பதிவுக்காக இல்லை.

ஆறு மாதமாகியும் அந்நியராகவே இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போகிறீர்கள். எல்லோரும் முன்பக்கம் பார்த்து உட்காரும் இடத்தில் பழக்கம் எப்படி வரும்? ஆதிச் சபையார், அதாவது முதல் கிறிஸ்தவர்கள், தேவாலயத்திலும் கூடினார்கள், வீடுகளிலும் சேர்ந்து அப்பம் பிட்டார்கள் (அப்போஸ்தலர் 2:46). உங்களுக்கு அந்த இரண்டாவது பாதி கிடைக்கவில்லை.

ஒரு சின்ன வீட்டு ஜெபக்குழுவில் ஆறு வாரம் விடாமல் உட்காருங்கள், இல்லையென்றால் நாற்காலி அடுக்கும் வேலையையாவது கேட்டு வாங்குங்கள் (கூச்சப்படுகிறவர்களுக்கு இதுதான் சுலபம், கை வேலையாக இருக்கும்போது பேச்சு தானாக வரும்). அப்புறம் ஒரு வாரம் போக முடியாமல் போனால், யாராவது விசாரிக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆனால் அங்கே மிரட்டலோ அவமானமோ நடந்து அதனால் ஒதுங்கியிருக்கிறீர்கள் என்றால் இது எதுவும் பொருந்தாது. வேறு சபை தேடுங்கள்.