அடுப்படிக் கேள்விகள்: ஸ்கோனுக்குத் தோசைக்கல் போதும்

பழைய முறைப்படி ஸ்கோன் (பிரிட்டனில் தேநீரோடு சாப்பிடும் சிறு ரொட்டி) செய்ய ஆசை. வீட்டில் ஓவன் இல்லை. குக்கரில் மணல் பரப்பிச் செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

மணலெல்லாம் எதற்கு? தோசைக்கல் போதும். ஸ்காட்லாந்தில் ஸ்கோன் முதலில் கல்லில் சுட்டதுதான். ஓட்ஸ் மாவையோ பார்லி மாவையோ வட்டமாகத் தட்டி, ‘கர்டில்’ என்ற தட்டையான இரும்புக் கல்லில் போட்டு, முக்கோணத் துண்டுகளாக்கிச் சாப்பிட்டார்கள். இன்று கடையில் பார்க்கும் உயரமான ஸ்கோனெல்லாம் பேக்கிங் பவுடருக்குப் பிந்தியது. அதை 1843-இல் பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் உருவாக்கினார். மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட் அவர் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாதாம், அதனால்தான்.

எடின்பரோவில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா கடைசிவரை கல்லில்தான் சுட்டார். எண்ணெய் தடவ மாட்டார். ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் தூவுவார். உடனே கருகினால் சூடு அதிகம். நிதானமாகச் சிவந்தால் சரி.

மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை எல்லாவற்றையும் சலித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த வெண்ணெய் 30 கிராம் சேர்த்து விரல் நுனியால் பிசறுங்கள். புட்டு மாவு பதம் வந்ததும் புளித்த கெட்டி மோர் 150 மில்லி விட்டு, மாவு ஒன்று சேர்ந்த உடனே கையை எடுத்துவிடுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, சிறு தீயில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். ஓரம் பிசுபிசுப்பாக இருந்தால் இன்னும் வேகவில்லை. சூட்டோடு துணியில் சுற்றி வைத்தால் மேல்பக்கம் வறண்டு போகாது.

எனக்கு ஓவன் இருந்தும் ஸ்கோன் வறட்டி மாதிரி வருகிறதே! பேக்கிங் பவுடர் சரியாகத்தான் போடுகிறேன்.
– வாசகர், மதுரை

சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசைகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிசையப் பிசைய மாவு இழுவை கொடுக்கும், அப்புறம் உப்பாது. அடுத்த சந்தேகம் வெண்ணெய். மதுரை வெயிலில் அது பிசறும்போதே உருகிவிடும். சின்னச் சின்னத் துணுக்காக மாவுக்குள் தங்கி, ஓவனில் உருகினால்தான் உள்ளே மென்மையாக வரும். வெண்ணெயோடு கிண்ணத்தையும் மாவையும் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். கனம் இரண்டரை சென்டிமீட்டராவது இருக்கட்டும். வெட்டும்போது டம்ளரை நேராக அழுத்தி எடுக்க வேண்டும், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். ஓவனை 220 டிகிரிக்கு முன்னதாகவே சூடாக்கி, 12 முதல் 15 நிமிடம் வையுங்கள்.

பேக்கிங் பவுடர் பழசா என்று தெரிய, கொஞ்சம் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

முதலில் ஜாமா, கிரீமா?
– வாசகி, திருநெல்வேலி

இங்கிலாந்தின் தென்மேற்கில் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் இரண்டு: கார்ன்வால்காரர்கள் ஜாம் என்பார்கள், டெவன்காரர்கள் கிரீம் என்பார்கள். அவர்கள் சண்டையில் நாம் எதற்கு? என் கட்சி ஜாம்தான்: சூடான ஸ்கோனில் கிரீமை முதலில் வைத்தால் இளகி வழிகிறது. அவர்கள் வைப்பது ‘கிளாட்டட் கிரீம்’, அதாவது மெதுவாகச் சூடாக்கி ஆறவைத்து எடுக்கும் கெட்டியான பாலேடு. கார்ன்வால் பெயரில் விற்க வேண்டுமென்றால் கொழுப்பு 55 சதவீதமாவது இருந்தாக வேண்டும். அது கிடைக்காத ஊரில் காய்ச்சிய எருமைப்பால் ஏட்டைச் சேர்த்து வைத்துத் தடவலாம். வெண்ணெய் மட்டும் போதும் என்றாலும் குறைவில்லை, எடின்பரோ அம்மா அதைத்தான் வைப்பார்.

எலிசபெத் ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு ஸ்கோன் செய்முறை அனுப்பினாராமே?
– வாசகர், சேலம்

உண்மைதான். 1959 ஆகஸ்டில் ஐசன்ஹோவர் ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகைக்குப் போயிருந்தார். செய்முறையைத் தருவதாக ராணி அப்போதே சொல்லியிருந்தார். பிறகு பத்திரிகையில் ஐசன்ஹோவர் இறைச்சி வாட்டும் படத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்து, 1960 ஜனவரியில் எழுதி அனுப்பினார். அளவு 16 பேருக்கு. ஆள் குறைந்தால் மாவையும் பாலையும் குறைத்துக்கொள்வாராம். சர்க்கரைக்குப் பதில் பொன்னிறச் சர்க்கரைப் பாகான கோல்டன் சிரப்போ வெல்லப்பாகு போன்ற டிரீக்கிளோ சேர்க்கலாம் என்றும் எழுதினார்.

ஆனால் அது ‘டிராப் ஸ்கோன்’. முட்டை சேர்த்துக் கரைத்து, கரண்டியால் கல்லில் ஊற்றுவது. மேலே குமிழி விட்டதும் திருப்பிப் போட வேண்டும். கரைத்த மாவை அதிக நேரம் வைக்கக் கூடாது என்பது ராணியின் குறிப்பு. தோசை மாவு பழக்கத்தில் ராத்திரியே கரைத்து வைத்துவிடாதீர்கள்.